பட்டாளத்தில் வந்த வியாதிக்கு பென்சன் உண்டா?

எல்லையில் குண்டு பாய்ந்து காலை இழந்த ஜவானுக்கு ஊன பென்சன் உண்டு. அதில் தகராறு இல்லை. வலிப்பு, ரத்தக் கொதிப்பு, மனக்கோளாறு என்று பட்டாளத்தை விட்டு அனுப்பப்படுகிறவர்களுக்குத்தான் தகராறு எல்லாம்!

சட்டம் கேட்பது இரண்டே விஷயம். ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அது ராணுவ வேலையால் வந்திருக்கணும். அல்லது அந்த வேலையால் முற்றியிருக்கணும். "இரண்டும் இல்லை" என்று ராணுவ டாக்டர் குழு எழுதிவிட்டால் போச்சு! மனு தள்ளுபடி.

கோர்ட்டு கேட்ட கேள்வி

1985-ல் சேர்ந்த ஒரு சிப்பாயை, 9 ஆண்டு கழித்து வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனம் 20 சதவீதம். பென்சன் மட்டும் கிடையாதாம்! வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதன் சாரம் இதுதான்: சேரும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது இந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லையே? அப்படியானால் வேலையில் வந்தது என்றே கொள்ளவேண்டும். இல்லை என்று நிரூபிப்பது சர்க்கார் பொறுப்பு. சிப்பாய் ஜெயித்தார்.

எவ்வளவு கிடைக்கும்?

சர்வீசுக்கான பென்சன் தனி. ஊனம் 100 சதவீதம் என்றால், அதற்காகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40 ஆயிரம் என்றால் 12 ஆயிரம் ரூபாய். 20 சதவீத ஊனத்துக்கு வெறும் 2,400 தானா? இல்லை. 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆக உயர்த்திக் கணக்கிடணும். ஆக, 6 ஆயிரம்.

முதலில் இந்தச் சலுகை, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. சர்வீசை முழுசாக முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மத்திய அரசு போட்டிருந்த நூற்றுக்கணக்கான அப்பீல்கள் ஒரே நாளில் தள்ளுபடி ஆயின.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதி. அதற்கு முன்பே வெளியே வந்தவர்களுக்குப் பழைய விதிதான்.

யாரைப் பார்ப்பது?

மனு தள்ளுபடியானால் அப்பீல் செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் ராணுவத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலேயே கிளை உண்டு. டெல்லிக்கு ஓட வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். டாக்டர் குழு அறிக்கையின் நகல் முக்கியம். பத்திரமாக வைத்திருக்கணும்.

ஜெயித்தவர்கள் எல்லாம் கோர்ட்டுப் படி ஏறியவர்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கிராமத்தில் முடங்கிக் கிடக்கும் சிப்பாய் என்ன செய்வான்? காரணத்தை டாக்டர் குழு முதலிலேயே தெளிவாக எழுதினால் பாதி வழக்கு குறையும். அந்த ஒரு வரியில்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது.