அரை மூடி போதாது

மழைக்காலம் வந்துவிட்டால் என் கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். “டாக்டர், பெரியவனுக்கு எழுதிக் கொடுத்த ஃப்ளூ சிரப் மிச்சம் இருக்கு. சின்னவளுக்கு அதுலயே அரை மூடி ஊத்திக் கொடுக்கட்டுமா?”

கூடாது. அந்த சிரப்பில் இருக்கும் ஓசெல்டாமிவிர் மருந்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பின் சில நாள்தான் தாங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த அரை மூடிதான். அளவு குறைந்தால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும்.

இந்த மருந்து கொடுக்கப்பட்ட 50 குழந்தைகளில் 9 பேரிடம், மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகியிருந்ததை 2004இல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டார்கள். பெரியவர்களிடம் இது அரிது. குழந்தையின் உடலுக்கு ஃப்ளூ புதிது. வைரஸ் ஏராளமாகப் பெருகும், கூடுதல் நாள் தங்கும். பெருகப் பெருக உருமாறவும் வழி கிடைக்கும். போதாக்குறைக்கு, சின்னஞ்சிறு உடல் இந்த மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அந்நாளில் ஜப்பானில் கொடுத்த அளவு, கிலோவுக்கு 2 மில்லிகிராம். அது போதாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. டாக்டர் கணக்கிட்டுக் கொடுத்ததற்கே இந்தக் கதி என்றால், வீட்டில் கண்ணளவில் ஊற்றுவதை என்ன சொல்வது?

ஒரு வயதைத் தாண்டி 15 கிலோவுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம். காலை, இரவு என 5 நாள். எடை கூடினால் அளவும் கூடும். மருந்து எழுதும் முன் குழந்தையை எடை மிஷினில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு இந்த மருந்தே தேவைப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓசெல்டாமிவிர் பலிக்காமல் போனால் வேறு மருந்து வரும் என்று இருந்துவிட முடியாது. அமன்டடின் என்ற பழைய மருந்து ஃப்ளூவுக்கு உதவாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானில் 2018இல் விற்பனைக்கு வந்த பலாக்ஸவிர் ஒரே வேளை மருந்து. குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் 77 பேரில் 18 பேரிடம் வைரஸ் உருமாறியது. 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு யோசித்தே கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் எச்சரித்தது.

ஓசெல்டாமிவிரைச் சரியாகக் கொடுத்தாலும் வைரஸ் கட்டுப்படாமல் போகலாம். 2007-08 குளிர்காலத்தில், இம்மருந்தை அதிகம் பயன்படுத்தாத நார்வேயிலேயே கட்டுப்படாத எச்1என்1 வகை ஃப்ளூ வைரஸ் பரவியது. ஆகவே காய்ச்சல் வராமல் காப்பதே முதல் வேலை. 6 மாதம் முதல் 5 வயது வரை ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரால் ஆண்டுதோறும் காசு கொடுத்துப் போட முடியாது. அரசு அதை அட்டவணையில் சேர்க்க வேண்டும்.