பெயருக்கு முன் நீலம்

தங்கா எனப்படும் திபெத்தியத் துணி ஓவியம் ஒன்றின் முன் நிற்பவர்கள் முதலில் கேட்பது, "இது யார்?" என்றுதான். தாராவா, அவலோகிதேசுவரரா, மகாகாலனா? விடை கிடைத்ததும் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு. பெயர் தெரிந்ததோடு பார்ப்பது நின்றுபோகிறது.

அந்த நீலத்தைப் பாருங்கள். அசுரைட் என்ற கல்லை அரைத்து எடுத்த நிறம் அது. கொரகொரப்பாக அரைத்தால் ஆழ்ந்த நீலம். நைய அரைக்க அரைக்க வெளிறிக்கொண்டே வரும். ஒரே கல்தான், அரைக்கிறவரின் பக்குவத்தில் பல நீலங்கள் பிறக்கின்றன. பச்சைக்கு மலக்கைட், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். எல்லாவற்றையும் தோல் காய்ச்சிய பசையில் குழைத்து, வெள்ளைப் பூச்சு பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய பருத்தித் துணியில் தீட்டுகிறார்கள். என்னை அதிகம் மயக்குவது பொன் வேலை. பொற்பொடியை மங்கலாகப் பூசிவிட்டு, மணிக்கல் முனையால் அதன்மேல் அழுத்திக் கோடு இழுப்பார்கள். அழுத்திய இடம் மட்டும் மின்னும். பொன்னின் மேல் பொன்னாலேயே ஒரு பூங்கொடி! நேரே நின்றால் கண்ணுக்குத் தட்டுப்படாது. கொஞ்சம் நகர்ந்தால் கொடி எழுந்து வரும்.

வழிபாட்டுக்கும் தியானத்துக்கும் வரைந்ததை நிறமாகவும் கோடாகவும் ரசிப்பது பக்தியைக் குறைத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புத்தரின் உடலுக்கு அளவு விதிகள் இருக்கின்றன. கோடுகள் போட்டு அளந்துதான் வரைய வேண்டும். ஆனால் அந்த அளவெல்லாம் தெய்வ உருவத்துக்குத்தான். சுற்றியிருக்கும் மலை, மேகம், அருவி, மரக்கிளை, மான் ஆகியவற்றில் ஓவியர் தன் விருப்பப்படி உலாவலாம். 15ஆம் நூற்றாண்டில் ஓவியர் மென்லா தோண்டுப் சீன நிலக்காட்சிகளை உள்ளே கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் உருவான கர்மா காத்ரி பாணி இன்னும் ஒரு படி போய், வெற்றிடத்தையே அழகாக்கியது. அந்தப் படங்களில் வானம் பெரிது, உருவங்கள் சிறிது.

பத்தாவது கர்மபாவான சோயிங் தோர்ஜே (1604–1674) எனக்கு மிகவும் பிடித்தவர். ஒரு பெரிய பௌத்தப் பிரிவின் தலைவர். தானே ஓவியர், தானே சிற்பி. 1640களின் போரில் திபெத்தின் நடுப்பகுதியை விட்டுத் தப்பி, யுன்னானில் இருக்கும் லிஜியாங் பக்கம் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் படங்களில் வரும் முகங்கள் குழந்தைகளின் முகங்களைப் போல இருக்கும். புனிதர்களைச் சுற்றிப் பறவைகளும் விலங்குகளும் உரிமையோடு உலவும். எந்த மரபின் அச்சிலும் அந்தப் படங்கள் அடங்குவதில்லை. அவருடைய சிற்பங்களிலோ காஷ்மீரத்துப் பழைய வெண்கலங்களின் சாயல். நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்நிய நாட்டுக் கைவேலையை அவர் எவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க வேண்டும்!

இப்படிப் பார்த்ததில் அவர் தனி ஆளும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பேமா கார்போ என்ற லாமா, பழைய உலோகச் சிலைகளைச் சோதித்து அறிவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். உலோகத்தையும் வார்ப்பையும் பாணியையும் பார்த்து, ஒரு சிலை இந்தியாவில் செய்ததா, நேபாளத்தில் செய்ததா, சீனத்தில் செய்ததா என்று கண்டுகொள்ளும் வழி அதில் இருக்கிறது. சிலைகளை வணங்கியவர்களே அவற்றின் வேலைப்பாட்டை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.