கிழட்டு வண்டிக்குப் பருத்திக்கொட்டையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் என் தந்தையார் ஒரு பழைய ஜிப்ஸி வண்டி ஓட்டுகிறார். கார்பரேட்டர் காலத்து வண்டி; என்னைவிட மூத்தது. அது ஓடுவதால்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன். ஆகவே அதற்கு எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்பது எனக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

தந்தையார் பிரீமியம் பெட்ரோல்தான் போடுவார். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். நாளுக்குப் பத்து லிட்டர், மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் ஏறத்தாழ 1,900 ரூபாய். என் பருவத் தேர்வுக் கட்டணத்தைவிட அது அதிகம். ஏன் என்று கேட்டால், "வயசான மாட்டுக்குத்தான் கண்ணு பருத்திக்கொட்டை போடோணும்" என்பார்.

நண்பர்களே, உவமை அழகுதான். ஆனால் ஆக்டேன் எண் பருத்திக்கொட்டை அன்று. பெட்ரோலின் சத்தை அது காட்டுவதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, பிளக்கின் பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் தானே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனையே காட்டுகிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளப்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அழுத்த விகிதம் மிகுந்த புதிய எஞ்சின்களுக்கு அந்தத் தாங்கும் திறன் தேவை. குறைந்த அழுத்தத்தில் ஓடும் பழைய எஞ்சினுக்கு, தேவைக்கு மேல் கொடுப்பதால் இழுவை கூடாது.

இன்னொரு வேடிக்கை. சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் முன்பு 91. இருபது சதம் எத்தனால் கலந்ததால் அது 95-ஐ எட்டிவிட்டதென்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் விளக்கம் அளித்தது. அப்படியானால் 95 என்று எழுதி விற்கும் பிரீமியத்தில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் அழுக்கு நீக்கும் சேர்மானங்களே. அவற்றால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை.

"மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டுகிறதே?" என்று தந்தையார் மடக்கினார். நியாயமான கேள்வி. பழைய எஞ்சினில் கரி படிந்தால் இடம் சுருங்கி அழுத்தம் கூடும், தட்டலும் வரும். அப்போது உயர் ஆக்டேன் சத்தத்தை அடக்கும். கரியோ உள்ளேயே இருக்கும். அதை எடுக்க வேண்டியவர் மெக்கானிக்.

பழைய வண்டிக்காரர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது எத்தனாலுக்குத்தான். பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் அது அரிக்கக்கூடும். லிட்டருக்கு லிட்டர் அதன் வெப்பமும் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பிரீமியம் என்ற பெயர் ரப்பரைக் காக்காது.

சென்ற விடுமுறையில் ஒரு மாதம் சாதாரணப் பெட்ரோல் போடச் சம்மதிக்க வைத்தேன். மிச்சப்பட்ட பணத்தில் கரி எடுத்து, கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் குழாயை மாற்றினோம். கழற்றிய பழைய குழாயைத் தந்தையார் விரலால் அழுத்திப் பார்த்தார். வெடிப்பு வெடிப்பாக விரிந்தது. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் பிரீமியம் போடுகிறார். நான் கேட்டுக்கொள்வதில்லை.