சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

கார்ல ஒரு விளக்கு எரிஞ்சதும் "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்"னு சொல்றாங்களே, அது வைத்தியம் இல்லை, வியாபாரம். காய்ச்சல்னு போனவனைத் தொட்டுக்கூடப் பாக்காம, "உங்க தெர்மாமீட்டர் சரியில்லை"ன்னு புதுசு ஒண்ணை விக்கிற மாதிரி. சில சமயம் தெர்மாமீட்டரே கெட்டுப்போயிருக்கலாம். ஆனா அதை அளந்து பார்த்துட்டுச் சொல்லணும்.

பெங்களூரு, சென்னையில இருக்கிற உங்களுக்குக் கார் ரெண்டு நாள் ஷெட்ல நின்னா ஆட்டோ இருக்கு, மெட்ரோ இருக்கு. எங்க பக்கம் காருங்கிறது சவாரிக்கு மட்டும் இல்லை. பின் சீட்டை மடிச்சா ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி, விடியக்காலையில ஓசூருக்குப் பூ மூட்டை, ராத்திரியில பிரசவ வலி வந்த பொண்ணு. வண்டி நின்னா பொழப்பு நின்னுடும்.

முதல்ல ஆயில் பிரஷர் விளக்கு. சிவப்பா எரிஞ்சா ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்க, அதுல சமரசம் கிடையாது. அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்க. அளவு சரியா இருந்தா அடுத்த கேள்வி: பிரஷர் நிஜமாவே குறைஞ்சிருக்கா, இல்ல சென்சார் பொய் சொல்லுதா?

இதுக்குப் பதில் கண்டுபிடிக்கப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. சென்சாரைக் கழட்டிட்டு அதே ஓட்டையில சாதாரண பிரஷர் கேஜை மாட்டி ஒரு நிமிஷம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தாப் போதும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கும். பழைய மெக்கானிக்குங்க கணக்கு, 1000 சுத்துக்கு 10 பிஎஸ்ஐ. கேஜ்ல பிரஷர் சரியா காட்டினா சென்சார் இல்லைன்னா ஒயர். கேஜ்லயும் குறைவாக் காட்டினா ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர், பேரிங்னு தேடணும். அப்போ புது சென்சார் மாட்டி வண்டியை அனுப்புறது எஞ்சினுக்குக் குழி தோண்டுற வேலை.

பழைய மாடல் ஒத்தை ஒயர் சுவிட்ச்னா இன்னும் சுலபம். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, ஒயரைக் கழட்டுங்க. விளக்கு அணையணும். அணையலைன்னா ஒயர் எங்கயோ பாடியில உரசுது, சென்சார் மேல பழி போடக் கூடாது.

என் டீசல் காருக்கு இதுதான் நடந்தது. ஒரு சர்வீஸ் சென்டர்ல ரெண்டு தடவை சென்சார் மாத்தி ரெண்டு தடவை பில் போட்டாங்க, விளக்கு அணையலை. கடைசியில எங்க ஊர்ப் பையன் மல்டிமீட்டரோட வந்து, எலி கடிச்ச ஒயரைக் காட்டினான். இன்சுலேஷன் டேப் செலவோட முடிஞ்சது. ரெண்டு சென்சார் காசை யாரும் திருப்பித் தரலை.

இப்போ வர்ற காமன்ரெயில் டீசல் வண்டிகள்ல ஸ்கேனரை மாட்டினா நம்பர் வரும். அந்த நம்பர் ஒரு புகார்தான், தீர்ப்பு இல்லை. பி0192 வந்தா, எரிபொருள் ரெயில் பிரஷர் சென்சார்ல இருந்து வர்ற வோல்டேஜ் ரொம்பக் குறைவுன்னு அர்த்தம். சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் அறுந்தோ உரசியோ இருக்கலாம். மூணு ஒயர்ல ஒண்ணுல 5 வோல்ட் வருதா, இன்னொண்ணுல எர்த் இருக்கான்னு பாக்காம புதுசு மாட்டினா என்ன பிரயோஜனம்? பி0087 வந்தா கதையே வேற. ரெயில்ல பிரஷர் தேவைக்குக் குறைவா இருக்கு. டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாக்குறதுதான் முதல் வேலை. இந்த ரெண்டு நம்பருக்கும் ஒரே பதிலா "சென்சார்"னு சொல்றவரு மெக்கானிக் இல்லை, பார்ட்ஸ் கடைக்காரரு.

எங்க பக்கத்து ஷெட்டுகளையும் சும்மா விட முடியாது. விளக்கு தொல்லை பண்ணுதுன்னு ஒயரையே வெட்டி விடுற ஆளுங்க இருக்காங்க. நாய் குலைக்குதுன்னு நாயை அடிச்சுட்டுத் திருடனை விட்ட கதை.

ஆனா அவங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தா? டிவிஎஸ் வண்டியும் அசோக் லேலாண்ட் லாரியும் உருவாகுற ஓசூர் இது. எங்க பசங்க பகல்ல சிப்காட் கம்பெனியில எஞ்சின் பூட்டுறாங்க. சாயங்காலம் சொந்தக் காரோட வயரிங் படமும் அளவும் கேட்டா, "ஆதரைஸ்டு டீலருக்கு மட்டும்". இதை நான் மட்டும் சொல்லலை. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம செய்யறாங்கன்னு 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல சுமார் 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அப்புறம் அப்பீல், கோர்ட்டுனு இழுத்தாங்க. 2022ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்குக் குழு போட்டு, விவசாயக் கருவி, வாகனம் எல்லாத்தையும் அதுல சேர்த்து, இணையதளமும் திறந்தாங்க. இணையதளம் வேற, சட்டம் வேற. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மக்கள் 2012லயே ஓட்டுப் போட்டு கார்களுக்கு இந்த உரிமையை வாங்கிட்டாங்க.

"தெரியாதவங்க கை வச்சா ஆபத்து"ன்னு கம்பெனிக்காரங்க சொல்றதுல பாதி உண்மை. காமன்ரெயில் பைப்புல பிரஷர் 1000 பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினா டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போகும். அதனால கத்துக் கொடுங்க, விவரத்தைப் புத்தகமாப் போடுங்க. பூட்டி வச்சா ஆபத்து குறையாது, பில்லுதான் ஏறும்.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை "சென்சார் போச்சு"ன்னு சொன்னா மூணு விஷயம் கேளுங்க. என்ன நம்பர் வந்துச்சு? எதை அளந்தீங்க, எவ்வளவு காட்டுச்சு? கழட்டின பழைய சென்சார் எங்கே? மூணையும் ஜாப் கார்டுல எழுதித் தரச் சொல்லுங்க. இங்கிலீஷ் பேசி, ரிவ்யூ எழுதத் தெரிஞ்ச நீங்க கேட்டாத்தான் அவங்களுக்குக் காது கேக்கும். நீங்க கேக்கப் பழகினா, பின்னாடி தக்காளிப் பெட்டியோட நிக்கிற எங்களுக்கும் பதில் கிடைக்கும்.