அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்!

வட்டி இல்லாமல், பத்திரம் இல்லாமல், திருப்பிக் கேட்கும் உத்தேசமே இல்லாமல் கடன் கொடுக்கிற ஆசாமி யாராவது உலகத்தில் உண்டா? உண்டு. விளையாட்டு ரசிகன். பணமாகக் கொடுத்தால்கூடப் பரவாயில்லை, நம்பிக்கையாகக் கொடுக்கிறான். ‘இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் பாரு!’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறான். பெங்களூர் ஐ.பி.எல். ரசிகர்கள் இந்த வசனத்தை 2008லிருந்து சொல்லிச் சொல்லி, 18-வது சீசனில், 2025ல்தான் கப்பைக் கண்ணால் பார்த்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். யாராவது கடன் கொடுத்தால் வரவு எங்கே, செலவு எங்கே என்று பார்ப்பது எனக்குப் பழக்கதோஷம். எனவே இந்த வாரம் ரசிகனின் நம்பிக்கைக் கணக்கை ஆடிட் செய்வோம். ஐ.பி.எல். ரசிகனை விட்டுவிடலாம், அவனைப் பார்த்துக்கொள்ள விளம்பரக் கம்பெனிகள் இருக்கின்றன. நான் சொல்வது காலேஜ் டீம் ரசிகனை. அதிலும் சின்ன ஊர் காலேஜ், வளர்ந்து வரும் பாஸ்கெட்பால் டீம், ‘இன்னும் ரெண்டே வருஷம் சார், ஆல் இந்தியா லெவல்ல நாமதான்’ என்று நெஞ்சை நிமிர்த்தும் ரசிகனை.

பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நம்பிக்கையோடு காத்திருப்பதில் அவர்களுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். பெரம்பலூருக்கு இன்னும் ரயில் கிடையாது. அரியலூர் வழியாகத் தினமும் எத்தனையோ எக்ஸ்பிரஸ்கள் போகின்றன, பெரம்பலூர்க்காரர்கள் ரயில் பாதை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு வருஷக்கணக்கில் சும்மா கிடந்த மாவட்டம் அது. அரியலூர் கதையோ இன்னும் வேடிக்கை. 2001ல் தனி மாவட்டம் என்றார்கள், 2002ல் ‘இல்லை, பழையபடி பெரம்பலூரோடு சேர்ந்துக்கோ’ என்றார்கள், 2007ல் ‘சரி, மறுபடியும் தனி மாவட்டம்’ என்றார்கள். இத்தனையும் பார்த்த மக்களிடம் போய் ‘நம்பாதே’ என்று நான் சொல்லப் போவதில்லை. நம்பிக்கைக்கு ஈடாக என்ன வாங்கினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்றைக்கு இந்த வட்டாரத்தில் காலை எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் நின்றால் காலேஜ் பஸ்களை எண்ணி முடிக்க முடியாது. காலேஜ் என்று இருந்தால் டீம் இருக்கும். டீம் மண்டல அளவில் இரண்டு மேட்ச் ஜெயித்தால் ஃப்ளெக்ஸ் வரும். இந்த ஃப்ளெக்ஸ் தமிழ்நாடு முழுக்க ஒரே டிசைன்தான். தாளாளர் படம் ஆளுயரத்துக்கு, முதல்வர் படம் அதில் பாதி, ஜெயித்த பன்னிரண்டு பையன்களும் கீழே தபால்தலை சைஸில். வியர்வை சிந்தியவன் முகத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும்!

‘என்ன சார், சின்ன ஊர்ப் பசங்க ஜெயிக்கிறாங்க. சந்தோஷப்பட விடமாட்டீங்களா?’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். அதற்கு முன்னால் ஒரு நிஜமான சின்ன ஊர்க் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலத்தில் டேவிட்சன் என்று ஒரு சிறிய ஊர். ஊர்ப் பெயரே காலேஜ் பெயர். அப்போது மாணவர்கள் சுமார் 1,700 பேர்தான். 2008ல் அந்தக் காலேஜ் டீம் தேசிய சாம்பியன்ஷிப்பில் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்று பெரிய தலைகளை வரிசையாகச் சாய்த்தது. டெட்ராய்ட்டில் நடந்த மேட்சைப் பார்க்க மாணவர்களுக்கு பஸ், டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றையும் காலேஜின் அறங்காவலர்களே தந்தார்கள். கடைசி எட்டு டீம் வரை வந்து, கன்சாஸிடம் 59-57 என்று இரண்டே பாயின்ட்டில் தோற்றார்கள். அந்த வருஷ சாம்பியனே கன்சாஸ்தான். டேவிட்சனின் ஹீரோ ஒல்லியான ஒரு பையன். பெயர் ஸ்டீஃபன் கரி. பின்னால் நான்கு முறை என்.பி.ஏ. சாம்பியன் ஆன அதே கரி.

ரசிகர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? உலகம் முழுக்க ஒரே வசனம்தானே? ‘அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்!’ கரியும் காலேஜை விட்டுப் போகவில்லை, இன்னொரு வருஷம் ஆடினார். ஆனால் 2009ல் டேவிட்சனால் அந்த சாம்பியன்ஷிப்புக்குள் நுழையவே முடியவில்லை! கரி என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். டேவிட்சன் மறுபடி உள்ளே வர 2012 ஆயிற்று. ஒரு நட்சத்திரத்தை வைத்து ஒரு சீசனைப் பிடிக்கலாம், அதற்குப் பெயர் வளர்ச்சி இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த டீமின் கோச் பாப் மெக்கிலப் 1989ல் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சீசனில் 4 வெற்றி, 24 தோல்வி. நம்ம ஊர் நிர்வாகமாக இருந்தால் பொங்கலுக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பை அவர் முதலில் எட்டிப் பார்த்தது 1998ல். 2022 வரை, 33 வருஷம் அவர்தான் கோச்.

இன்னொரு சங்கதி. பட்டம் வாங்காத ஆட்டக்காரரின் ஜெர்சி நம்பரை கௌரவமாக ஓய்வு கொடுத்துச் சுவரில் மாட்டுவதில்லை என்பது அந்தக் காலேஜின் விதி. கரி படிப்பைப் பாக்கி வைத்துவிட்டுப் போனவர். உலகமே கொண்டாடும் ஆள், கோடீஸ்வரர், காலேஜுக்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ‘நம்ம கரி தானே, விதியைக் கொஞ்சம் வளைப்போம்’ என்று சொல்லவில்லை. 2022ல் அவர் பாக்கிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். அதே வருஷம்தான் 30-ம் நம்பர் ஜெர்சி மேலே ஏறியது. ஆட வந்தவன் முதலில் மாணவன் என்று வாயால் சொல்லாத காலேஜ் இல்லை. இவர்கள் அதை விதியாக எழுதிவைத்து, கரியிடமும் காட்டினார்கள்.

அமெரிக்காவில் எல்லாம் உத்தமம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே காலேஜ் பாஸ்கெட்பால் பல்லாயிரம் கோடி ரூபாய் டி.வி. வியாபாரம். ஆடியவனுக்குப் படிப்பும் சோறும்தான் கூலி என்று பல தலைமுறை ஏமாற்றினார்கள். 1995ல் யு.சி.எல்.ஏ.வுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த எட் ஓபானன், பிற்பாடு கார் விற்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள் வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு பொம்மை ஆடுவதைப் பார்த்தார். தன் உருவத்தை விற்றவர்கள் தனக்கு ஒரு பைசா தரவில்லையே என்று 2009ல் வழக்குப் போட்டார். அதற்குப் பின் வழக்கு மேல் வழக்கு. 2021ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குட்டு வைத்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி, காலேஜ்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு காலேஜ் முதல் வருஷத்தில் சுமார் 2 கோடி டாலர் வரை, அதாவது 170 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை வருஷமும் ரசிகன் என்ன செய்துகொண்டிருந்தான்? விசில் அடித்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்டு கோர்ட்டுக்குப் போனவன் ஆடி முடித்து வீட்டுக்குப் போனவன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பாஸ்கெட்பால் பிறந்ததே காலேஜில்தான். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நைஸ்மித் என்ற வாத்தியார், பீச் பழக் கூடையை மாட்டி ஆரம்பித்த ஆட்டம். அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி பக் 1920ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். ஆக, சென்னைக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஏறக்குறைய நூறு வருஷ உறவு. இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்ஸில் ஆடியது எத்தனை முறை? ஒரே முறை, 1980 மாஸ்கோவில். ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. நூறு வருஷ விசிலுக்கு இதுதான் வட்டி!

‘நம்ம மண்ணில் திறமை இல்லையா?’ என்று கேட்டால் அரியலூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். கார்த்தி செல்வம் அரியலூர்ப் பையன். ஆட்டம் ஹாக்கி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில், இந்தியாவுக்காக ஆடிய முதல் மேட்சிலேயே, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். அரியலூரே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய பிள்ளை.

ஆனால் அந்தப் பிள்ளை பட்டை தீட்டப்பட்டது எங்கே? சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டியில். அரசு விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையத்தில். ஏன் கோவில்பட்டி? அது தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடும் ஊர். அங்கே மைதானம் இருக்கிறது, அகில இந்தியப் போட்டி நடக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. பாஸ்கெட்பாலுக்கு அப்படி ஓர் ஊர் வேண்டுமென்றால் பெரியகுளம் இருக்கிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற உள்ளூர் கிளப், கோடைதோறும் அகில இந்தியப் போட்டியை எத்தனையோ பத்தாண்டுகளாக நடத்துகிறது. பெரிய பெரிய டீம்கள் பெரியகுளத்துக்கு வந்து ஆடுகின்றன. வாழை, மா விளையும் ஊரில் ஜனங்கள் காலரியில் உட்கார்ந்து ‘ஃபவுல்!’ என்று கத்துகிறார்கள். தாளாளர் படம் போட்ட ஃப்ளெக்ஸால் வந்த வளர்ச்சி இல்லை இது, விடாமல் நடத்தியதால் வந்தது.

இப்போது ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

தனியார் காலேஜ்கள் நல்ல ஆட்டக்காரனுக்கு ஃப்ரீ சீட், ஹாஸ்டல், சாப்பாடு தருகின்றன. நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை ‘தர்மம்’ என்று சொல்லும்போதுதான் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. தர்மம் என்றால் ஃப்ளெக்ஸ் எதற்கு? அட்மிஷன் விளம்பரத்தில் பையன் படம் எதற்கு? வணிகவியலில் ‘நன்மதிப்பு’ என்றொரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வியாபாரத்துக்கு விலை ஏற்றும். காலேஜின் நன்மதிப்பு வருஷா வருஷம் ஏறுகிறது. பையனின் முழங்காலுக்கோ வருஷா வருஷம் தேய்மானம். லாபம் காலேஜ் கணக்கில், தேய்மானம் பையன் கணக்கில். எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டத்தால் வாழ்க்கை அமைந்தவர்கள் உண்டு. இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த நம்ம அனிதா பால்துரைக்குத் தெற்கு ரயில்வே வேலை கொடுத்தது. 2021ல் பத்மஸ்ரீ வந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை, ஆனால் வாசல் சின்னது, வெளியே நிற்கிற கூட்டம் பெரிசு. இந்தியாவில் ஐ.பி.எல். மாதிரி காசு கொட்டும் பாஸ்கெட்பால் லீக் எதுவும் பையனுக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவிலேயே காலேஜில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் என்.பி.ஏ.வுக்குத் தேர்வாகிறார். மீதி 99 பேருக்கும் கையில் இருக்கப்போவது அந்த டிகிரி மட்டும்தான்.

எனவே உங்கள் ஊர் டீமை நம்பும் ரசிகப் பெருமக்களே, ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் அலுவலகத்துக்குள் போய் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: கோச் நிரந்தர ஊழியரா, அல்லது சீசனுக்கு வந்து போகிறவரா?

இரண்டு: பையனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது? ஆட முடியாதவனுக்கும் ஃப்ரீ சீட் கடைசி வருஷம் வரை உண்டா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கிறதா?

மூன்று: ஐந்து வருஷத்துக்கு முன்னால் டீமில் இருந்த பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கினார்கள்? இப்போது என்ன செய்கிறார்கள்?

நான்கு: பெண்கள் டீம் இருக்கிறதா? இருந்தால் அவர்களுக்கும் அதே சாப்பாடு, அதே கோர்ட், அதே கோச்சிங் உண்டா?

ஐந்து: சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அந்த கோர்ட்டில் வந்து பந்து போட முடியுமா, அல்லது கேட்டில் செக்யூரிட்டி விரட்டுவாரா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். வெளியூரிலிருந்து ஆறு நெட்டை ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால் இந்த வருஷம் கப் வரும். அவர்கள் படிப்பு முடிந்து போகும்போது கப்பும் கூடவே பஸ் ஏறும். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இன்றைக்குப் பந்தைத் தட்டப் பழகினால்தான் பத்து வருஷம் கழித்து அது ‘நம்ம டீம்’. மெக்கிலப்புக்கே ஒன்பது வருஷம் ஆயிற்று என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்த ஐந்துக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால், தொண்டை கிழியக் கத்துங்கள். நானும் டிக்கெட் எடுத்து வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். தோற்றாலும் பரவாயில்லை. கிடைக்கவில்லை என்றால், உங்கள் கைதட்டலை வைத்து வேறு யாரோ அட்மிஷன் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

மளிகைக் கடையில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினாலே எடையைச் சரிபார்க்கிற ஜனங்கள் நாம். ஊர்ப் பிள்ளைகளின் நான்கு வருஷ வாழ்க்கையை ஒருவர் கையில் கொடுக்கும்போது ஒரு ரசீது கேட்டால் தப்பா என்ன?