கைப்பணிப் பகுதி: வளைந்து கொடுக்கும் கவசம்

பொம்மைக்கு உடை தைப்பது வீண் வேலையென்று பெரியோர் சிலர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது என்பதை எடுத்துக்காட்டவே இம்மாதம் எழுதப் புகுந்தோம்.

கை, கால், கழுத்து யாவும் மூட்டோடு அசையும் வீரர் பொம்மைகளை 'ஆக்ஷன் ஃபிகர்' என்னும் பெயரால் கடைகளில் விற்கின்றனர். 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையோடு அப்பெயர் வழங்கலாயிற்று. ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள அதற்கு அசையும் உறுப்புகள் 21, துணியுடையும் உண்டு. நம் நாட்டில் 1987-இல் தோன்றிய ஃபன்ஸ்கூல் நிறுவனமும் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்து விற்றது. ஆயினும் நம் பிள்ளை கர்ணனை வேண்டினால், வாங்கிய பொம்மைக்குக் கவசத்தை வீட்டில்தான் செய்தல் வேண்டும். அட்டையை ஒரே துண்டாகச் சுற்றி ஒட்டினால் கை மேலெழாது. வில்லேந்த மாட்டாத கர்ணனால் பயனென்ன?

இதற்கு விடை நம் முன்னோரிடமே உண்டு. தங்கவயலுக்குப் பிழைக்க வந்த தமிழருள் வட ஆர்க்காட்டினர் பலர். தெருக்கூத்து தழைத்த மண் அது. கர்ண மோட்சம் ஆடும் கலைஞரின் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, தனித்தனியே கயிற்றாற் கட்டுவர். பார்வைக்கு முழுக்கவசம், உண்மையில் பல துண்டுகள். ஆதலாலன்றோ அவர் இரவெல்லாம் சுழன்றாட முடிகிறது! ஜப்பானியப் போர்வீரரும் சிறு தகடுகளைப் பட்டுக் கயிற்றாற் பிணைத்தே கவசம் செய்தனர். உடல் மடியுமிடத்தில் கவசம் பிரிந்திருக்க வேண்டும் என்பதே இரண்டும் கற்பிக்கும் பாடம்.

இனிச் செய்முறை. பொம்மையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டுக. தையல் வரவேண்டிய இடங்களைப் பென்சிலாற் குறித்து, கோட்டின் வழியே வெட்டி எடுத்து விரித்தால் அளவு வடிவம் கிடைக்கும். உட்சட்டைக்குப் பழைய காலுறை ஏற்றது, இழுத்தால் நீளும். தடித்த துணி சிற்றுருவில் மரப்பட்டைபோல் விறைத்து நிற்கும். ஆதலின் மேலாடைக்கு மல் துணியே நன்று. வெட்டிய ஓரத்தில் வெள்ளைப் பசையை மெல்லத் தடவினால் நூல் பிரியாது.

கவசத்திற்கு எழுதுபொருள் கடையில் விற்கும் 2 மில்லிமீட்டர் ஃபோம் தாளை வாங்குக. அதைப் பட்டைகளாக வெட்டி, கீழோரத்தை மீன்செதில்போல் நறுக்குக. உட்சட்டையின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டையின் மேலோரத்தை மட்டும் ஒட்டுக. மேற்பட்டை கீழ்ப்பட்டையின் ஓரத்தை மறைக்கட்டும். ஓட்டுக்கூரை வேயும் முறையே இது. தோள்துண்டுக்கு மிதமான சூடு காட்டி வளைத்துப் பிடித்தால், ஆறியபின் வளைவு நிலைக்கும். அதனை நூலாற் கட்டுக, ஒட்டற்க. முழங்கையிலும் முழங்காலிலும் துணி மட்டும் இருக்கட்டும். பொன்வண்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசுக. தடித்த பூச்சு வளையும்போது வெடிக்கும். கத்தியும் சூடும் பெரியோர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிப் பிழைப்போர் எத்தனை பேர் என்பதை இரயில் நிலையத்தில் பணிபுரியும் நாம் அறிவோம். விடியுமுன் புறப்படும் தந்தை, பிள்ளை உறங்கிய பின்னரே வீடு திரும்புகிறார். பள்ளியிலோ பிள்ளை பயில்வது கன்னடமும் ஆங்கிலமும். கூத்தைக் கண்ட பாட்டனாரோ திண்ணையில் பேச ஆளின்றி இருக்கிறார். புஜகீர்த்தி என்ற சொல்லையும், அது தோளில் எங்கு அமரும் என்பதையும் அவரன்றி யார் அப்பிள்ளைக்குச் சொல்வார்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தந்தை வெட்டட்டும், தாய் தைக்கட்டும், பிள்ளை ஒட்டட்டும். கவசம் சரியா, தவறா என்று பாட்டனார் தீர்ப்புக் கூறட்டும். செலவு சிறிது, அவ்வொரு பொழுதில் வீட்டார் நால்வரும் தமிழிற் பேசி மகிழ்வர்.