375 மணி நேரத்தில் ஆங்கிலம் வருமா?

ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றால் லண்டனுக்குத்தான் போக வேண்டுமா? இல்லை. அயர்லாந்து நாட்டின் தலைநகரமான டப்ளினுக்கும் பல நாட்டார் போகிறார்கள். அங்கே வெளிநாட்டாருக்கென்றே மொழிக் கல்லூரிகள் இருக்கின்றன.

பிரேசிலில் இருந்து மிகப் பலர் வருகிறார்கள். மெக்சிகோ, துருக்கி, ஜப்பான், இத்தாலி நாட்டவரும் உண்டு. சொந்த ஊரில் வக்கீலாக இருந்தவர் வருவார். கடைச் சிப்பந்தியாக இருந்தவரும் வருவார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பெயர் இன்னது, என் ஊர் இன்னது" என்று முதல் பாடம் சொல்லுவார்கள்!

இந்தப் படிப்புக்கு "பொது ஆங்கிலம்" என்று பெயர். கடையில் சாமான் வாங்க, பஸ்ஸுக்கு வழி கேட்க, கடிதம் எழுத, பத்திரிகை படிக்க, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய ஆங்கிலம் இது.

இப்படிக் கடல் கடந்து போய்ப் படிப்பதில் பயன் உண்டா? உண்டு என்பதே என் கட்சி. ஆனால் பணம் கட்டிவிட்டால் மொழி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர் ஏமாந்து போவார்.

சிரிக்க ஆள் இல்லை!

முதல் நாள் ஒரு சிறு பரீட்சை வைப்பார்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். மொத்தம் ஆறு படிகள். ஏ-1 என்பது அடிப்படி. சி-2 என்பது உச்சிப்படி. ஐரோப்பியக் கவுன்சில் என்ற அமைப்பு 2001-ல் வெளியிட்ட அளவுகோல் இது.

வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலம் ஒன்றுதான் பேசுவார். படம் காட்டுவார். கையைக் காட்டுவார். நடித்தும் காட்டுவார்.

இந்த முறை பரவியதற்கு ஒரு கதை சொல்லுவார்கள். 1878-ல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு மொழிப் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு கற்பிக்க ஓர் உதவியாளரை வரவழைத்தார். வந்தவருக்கோ ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது! அந்தச் சமயம் பார்த்துப் பெர்லிட்ஸ் நோயில் படுத்துவிட்டார். சில வாரம் கழித்து, "வகுப்பு பாழாய்ப் போயிருக்கும்" என்று பயந்துகொண்டே வந்து பார்த்தார். மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டு இருந்தார்கள்! வேறு வழி இல்லை, பேசினார்கள். பேசியதால் மொழி வந்தது.

டப்ளின் வகுப்பிலும் அதே கதைதான். ஜப்பான்காரியும் துருக்கிக்காரரும் பேசிக்கொள்ள வேண்டுமானால் உடைந்த ஆங்கிலம் ஒன்றுதான் வழி. ஸ்பானிஷ் பேசுகிறவர் "ஸ்கூல்" என்பதை "எஸ்கூல்" என்பார். நம் பாட்டிமார் "இஸ்கூல்" என்று சொல்லவில்லையா? அதைப் போலத்தான்! ஜப்பானியருக்கு "ர"வும் "ல"வும் குழம்பும். எல்லோரும் தப்பாகப் பேசுவதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. வெட்கம் போய்விடுகிறது. அந்தக் கல்லூரிகள் கொடுக்கும் பெரிய செல்வம் அதுதான் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வருகிறவர்கள் 25 வாரப் படிப்பில் சேருகிறார்கள். வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஆக மொத்தம் 375 மணி நேரம்.

25 வாரத்தில் உள்ள மொத்த நேரம் எவ்வளவு? 4,200 மணி. அதில் பதினொன்றில் ஒரு பங்குகூட வகுப்பில் கழிவதில்லை!

ஒன்றும் தெரியாதவர் மூன்றாம் படி ஏறவே 350 முதல் 400 மணி நேரப் பாடம் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் பரீட்சைக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே, "ஆறே மாதத்தில் வெள்ளைக்காரனைப் போலப் பேசலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீதி நேரம் எங்கே போகிறது? படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அந்த நாட்டுச் சர்க்கார் அனுமதிக்கிறது. அதாவது, படிப்பைவிட வேலை நேரம் அதிகம்! டப்ளினில் வீட்டு வாடகையோ மலை போல ஏறி நிற்கிறது. மாணவர்கள் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். பெரும்பாலும் தம் ஊர்க்காரரோடுதான் தங்குகிறார்கள். ஓட்டலில் தட்டுக் கழுவும் வேலை. பக்கத்தில் நிற்பவரும் பிரேசில்காரர். பேசுவது போர்த்துக்கீசிய மொழி. வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி வந்தவன் வயிற்றைப் பார்ப்பானா, வாயைப் பார்ப்பானா? ஆனால் நஷ்டம் அவனுக்குத்தானே!

பூட்டிய கதவு

இன்னொரு கொடுமையும் நடந்தது. 2014, 2015 ஆண்டுகளில் அயர்லாந்தில் பத்துக்கு மேற்பட்ட தனியார் கல்லூரிகள் திடீரென்று மூடப்பட்டன. கட்டணம் கட்டிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் தவித்தார்கள். அவற்றில் சில, படிப்பை விற்கவில்லை. நாட்டில் தங்கும் அனுமதியைத்தான் விற்றன என்ற புகார் எழுந்தது.

அதன் பிறகு சர்க்கார் கண் விழித்தது. 25 வாரப் படிப்புக்கு முன்பு ஓர் ஆண்டு தங்கலாம். 2016 முதல் அது 8 மாதமாகக் குறைந்தது. 100-க்கு 85 நாளாவது வகுப்புக்கு வர வேண்டும். முடிவில் பரீட்சை எழுத வேண்டும். கல்லூரி மூடினால் மாணவனைக் காப்பாற்றக் காப்பீடு வேண்டும்.

விதிகள் நல்லவை. ஆனால் வகுப்புக்கு வந்தானா என்று விதி எண்ணும். வாய் திறந்தானா என்று எண்ணாது. அதை மாணவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்

எந்த நாடானாலும் சரி, மொழிக் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். சர்க்கார் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா? மூடினால் பணம் திரும்புமா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? அதில் ஒரே தாய்மொழிக்காரர் எத்தனை பேர்? நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்!

அங்கே போன பிறகு ஒன்று செய்ய வேண்டும். வேறு மொழிக்காரரோடு தங்க வேண்டும். முடியாவிட்டால் தினம் ஒரு மணி நேரமாவது அவர்களோடு பேச வேண்டும். மார்க்கெட்டில் விலை கேட்க வேண்டும். தப்பாகவே கேட்கட்டும், விலை தெரிந்துவிடும்!

வயது வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு இது தெரியும். முதல் நாள் பஸ் பலகையைப் படிக்கும்போது நாக்குத் தடுமாறும். யாராவது சிரிப்பார்களோ என்று பயம் வரும். அந்தப் பயத்தைத் தாண்டியவருக்குப் படிப்பு வரும்.

குளத்தில் இறங்காமல் நீச்சல் வராது. கல்லூரி குளத்தைக் காட்டும். படிக்கட்டும் கட்டிக் கொடுக்கும். இறங்க வேண்டியவர் நாம்தான்!